மிதக்கப் போகலாமா?

எங்கள் ஆபீஸில் யாருக்கும் பெயர் கிடையாது. செக்ஷன்தான் பெயர். 'அக்கவுண்ட்ஸ் டீ குடிக்கப் போயிருக்கு', 'டெஸ்பாட்ச் இன்னிக்கு லீவு' என்றுதான் பேசிக்கொள்வோம். என் பெயர் பர்ச்சேஸ். கல்யாணப் பத்திரிகையில் நிஜப் பெயரைப் போட்டுவிட்டதால், 'யாரோ எவரோ' என்று மொய் எழுதாமல் தப்பித்தவர்கள் நாலு பேர்.

நான், அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச் மூன்று பேரும் கட்டி வந்த சீட்டு போன மாசம் கைக்கு வந்தது.

"இந்தத் தடவை ஊட்டிக்குப் போய் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு போட்டோ எடுக்கிற வேலையெல்லாம் கிடையாது. ஃபாரின்!" என்றான் அக்கவுண்ட்ஸ். எந்த ஊர் என்பதையும் அவனே தீர்மானித்து வைத்திருந்தான். வாங் வியெங்.

"அது ஊர் பேரா, சைனீஸ் ஓட்டல் ஐட்டமா?" என்றான் டெஸ்பாட்ச்.

ஊர்தான். லாவோஸ் தேசத்தில், தலைநகர் வியன்டியனுக்கு வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற சின்ன ஊர். செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலைகள், அடியில் நாம் ஸாங் என்று ஓர் ஆறு. அக்கவுண்ட்ஸுக்கு அதன் மேல் காதல் வரக் காரணம் ஒரு பனியன். சிங்கப்பூரில் வேலையிலிருந்த அவனுடைய பெரியப்பா பையன் 2010-இல் அங்கே போய்விட்டு வந்து, ஊர் பேர் போட்ட பனியனோடு ஆறு மாசம் தெருவில் நடமாடியிருக்கிறார். 'அங்கே என்னண்ணா பண்ணினே?' என்று கேட்டால், 'அதெல்லாம் உனக்குச் சொல்லக்கூடாதுடா' என்பாராம். அவ்வளவுதான். பையன் மனசில் விதை விழுந்துவிட்டது.

அங்கே விசேஷம் 'ட்யூபிங்'. பெரிய டயருக்குள் இருக்கிற ரப்பர் ட்யூபில் காற்றடித்து, அதன்மேல் உட்கார்ந்து ஆற்றோடு மிதந்து போவது. நம்மூர்ப் பையன்கள் வாய்க்காலில் ஓசியில் செய்கிற அதே காரியம்தான். இதற்காக உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் முதுகில் மூட்டையோடு வெள்ளைக்காரப் பையன்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

பர்ச்சேஸ்காரன் புத்தி, கொட்டேஷன் பார்க்காமல் எதையும் வாங்காது. ஊரைப் பற்றி நாலு நாள் படித்தேன்.

ஆரம்பம் ரொம்ப சாதுவானது. 1999 வாக்கில் அங்கே தோட்டம் வைத்திருந்த ஒருவர், தன்னிடம் வேலை பார்க்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்கட்டும் என்று சில ட்யூப்களைக் கொடுத்தார். விஷயம் பரவியது. பத்து வருஷத்துக்குள் ஆற்றின் இரண்டு கரையிலும் வரிசையாக பார்கள். மிதந்து வருகிறவனைக் கயிறு வீசி இழுப்பார்கள். லாவ் லாவ் என்கிற அரிசிச் சாராயம் ஓசியில் ஒரு மடக்கு. அப்புறம் காசு கொடுத்து ஒரு வாளி. ஆமாம் ஸார், பீச்சில் மண் வீடு கட்டக் குழந்தைகள் வைத்திருக்குமே, அந்த சைஸ் பிளாஸ்டிக் வாளியில் சரக்கைக் கலந்து ஸ்ட்ரா போட்டுத் தருவார்கள். குடித்துவிட்டு உயரமான ஊஞ்சலில் தொங்கி ஆற்றில் குதிக்கலாம். ஊருக்குள் வந்தால் ஓட்டல்களில் திண்டில் சாய்ந்தபடி 'ஃப்ரெண்ட்ஸ்' சீரியல் பார்க்கலாம். காலையிலிருந்து ராத்திரி வரை அதே சீரியல்.

ஆற்றுக்கு அடியில் பாறை இருக்கிறது என்பதை வாளி மறைத்துவிடும். 2011-இல் மட்டும் 27 சுற்றுலாப் பயணிகள் இறந்ததாக அந்த ஊர் ஆஸ்பத்திரிக் கணக்கைச் சொல்லிப் பத்திரிகைகள் எழுதின. 2012-இல் சர்க்கார் இறங்கியது. ஆற்றங்கரை பார்களை மூடி, குதிக்கிற மேடைகளைப் பிரித்துப் போட்டார்கள்.

ஊர் திருந்தியது. குகை, படகு, பாறை ஏறுதல், விடிகாலையில் வெப்பக்காற்று பலூன் என்று ஆனது. 2020 டிசம்பரில் தலைநகரிலிருந்து எக்ஸ்பிரஸ் ரோடு வந்தது. 2021 டிசம்பரில் சைனாவிலிருந்து ரயிலே வந்துவிட்டது. முன்பு மலைப்பாதையில் அரை நாள் குலுங்கிய தூரம், இப்போது ரயிலில் ஒரு மணி நேரம். ட்யூபிங்கும் உண்டு, ஆனால் அடக்க ஒடுக்கமாக.

"பார்த்தியா? குடும்பப் படம் மாதிரி ஆயிடுச்சு!" என்றான் அக்கவுண்ட்ஸ்.

2024 நவம்பரை மட்டும் அவன் கட் பண்ணிவிட்டான். அந்த மாசம் அதே ஊரில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து ஆறு வெளிநாட்டுக்காரர்கள் இறந்தார்கள். அதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இரண்டு பெண்களுக்கு வயது 19.

எங்கள் மாடி வீட்டில் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "பார்த்தா வித்தியாசம் தெரியாதுப்பா. குடிச்சாலும் தெரியாது. உள்ளே போனதும் உடம்பு அதை ஃபார்மிக் ஆஸிடா மாத்திடும். எறும்பு கடிச்சா எரியுதே, அந்த ஆஸிட். முதல்ல கண் நரம்பைத்தான் தேடிப் போகும். பல மணி நேரம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும்கறதால, ராத்திரி குடிச்ச தலைவலின்னு படுத்துத் தூங்கிடுவான். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்து மருந்து இருக்கு, டயாலிஸிஸ் இருக்கு. பார்வை மங்கலாத் தெரியுதேன்னு மறுநாள் மெதுவாப் போனா..." கையை விரித்தார். அப்புறம், "ஏம்ப்பா, இதுக்கு லாவோஸா? அதே வருஷம் ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியில என்ன நடந்தது?" என்றார்.

நான் பேசாமல் மாடியிறங்கி வந்தேன். அங்கே 60 பேருக்கு மேல் போனார்கள். அதே மெத்தனால்.

மறுநாள் டீக்கடையில், "வாங் வியெங் வேண்டாம்ப்பா, பேசாமல் சிலோன் போகலாம்" என்றேன். மெத்தனால் லெக்சரையும் ஒப்பித்தேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பயம் மெத்தனால் இல்லை. டெஸ்பாட்ச்.

டெஸ்பாட்ச் குடியை விட்டு அப்போது பதினாலு மாசம். அதற்கு முந்தைய கதை ஆபீஸுக்கே தெரியும். ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து அவனைத் தூக்கி வந்து ஆட்டோவில் போட்டவன் நான். அவன் சம்சாரம் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாசம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். அப்படிப்பட்டவனை வாளியில் சரக்கு விற்ற ஊருக்கு நானே டிக்கெட் போட்டுக் கூட்டிப் போவதா? பஜ்ஜிக் கடையில் டயாபடீஸ்காரரை உட்கார வைக்கிற மாதிரி.

டெஸ்பாட்ச் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"நேராச் சொல்லு. எனக்காகத்தானே வேண்டாங்கறே?"

நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

"இல்லடா... அந்த ஊரும் திருந்தின ஊர்தான். திருந்தி பன்னெண்டு வருஷம் கழிச்சு..." என்று ஆரம்பித்து, வாக்கியம் எங்கே போகிறது என்று தெரிந்ததும் நிறுத்தினேன். லேட்.

"ஊரையும் என்னையும் ஒண்ணாக்காதே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் தெரிஞ்சு குடிச்சேன், என்னைக் கெடுத்துக்கிட்டேன். அந்தப் பொண்ணுங்க நல்ல சரக்குன்னு நம்பிக் குடிச்சுது. ரெண்டும் ஒண்ணா?"

பதில் இல்லை.

"இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்த ஊர்ல எவனாவது ஓசியில ஒரு கிளாஸ் ஊத்திக் கொடுத்தா, நான் தொட மாட்டேன். அது நிச்சயம். நீ தொட மாட்டியா? இவன்?" அக்கவுண்ட்ஸைக் காட்டினான். "போன வாரம் ரிடையர்மென்ட் பார்ட்டியில, என்ன பிராண்டுன்னு கேட்டா குடிச்சீங்க? ஓசின்னா ரெண்டு பேரும் பினாயிலையே குடிப்பீங்க. நம்ம மூணு பேர்ல முழுசாத் திரும்பி வர கேரன்டி எனக்கு மட்டும்தான்."

அக்கவுண்ட்ஸ் வாயில் இருந்த பஜ்ஜி அப்படியே நின்றது. அன்றைக்குக் குடித்தது என்ன பிராண்டு என்று எனக்கும் நிஜமாகவே தெரியாது.

பதினாலு மாசமாக நாங்கள் இருவரும் டெஸ்பாட்சுக்குக் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் வந்தால் பேச்சை மாற்றுவோம். சரக்குப் பாட்டிலை நியூஸ்பேப்பரில் சுற்றுவோம். பார்ட்டிக்குக் கூப்பிட மாட்டோம், அப்புறம் கூப்பிடாததற்காகக் குற்ற உணர்ச்சியோடு பிரியாணி பார்சல் கொண்டு போய்க் கொடுப்போம். அத்தனையையும் அவன் கவனித்திருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்கே கண்டிஷன்கள் போட்டோம். ஒன்று, ஓசி சரக்கு கிடையாது. இரண்டு, வாளியோ கிளாஸோ, கலந்து கொடுக்கிற எதுவும் கிடையாது. மூன்று, அக்கவுண்ட்ஸ் ரொம்பக் கெஞ்சினால் ஒரு பீர், மூடி கண்ணெதிரே திறக்கப்பட வேண்டும். நான்கு, ட்யூபில் ஏறினால் லைஃப் ஜாக்கெட், இருட்டுவதற்குள் கரை. ஐந்து, யாருக்காவது கண் மங்கினால், 'தூங்கினால் சரியாயிடும்' என்று சொல்லக்கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. ஐந்தையும் டெஸ்பாட்ச்தான் எழுதினான். எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, செக்ஷன் முத்திரையும் வைத்துவிட்டான்.

ரூட்டும் தயார். சென்னையிலிருந்து பாங்காக் வரை விமானம். அங்கிருந்து வியன்டியனுக்கு 2024 ஜூலையில் விட்ட ராத்திரி ரயில். அப்புறம் சைனாக்காரர் ரயில். மழை விட்டுக் குளிர் ஆரம்பிக்கிற சமயமாய் டிசம்பர்.

இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. டெஸ்பாட்ச் வீட்டுக்குப் போன் செய்தேன். அவன் சம்சாரம்தான் எடுத்தாள்.

"ஊரைப் பத்தியெல்லாம் சொன்னாராம்மா? அங்கே முன்னே கொஞ்சம்..."

"எல்லாம் சொன்னார்ணா."

"உனக்குப் பயமாயில்லையா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பயமாத்தான்ணா இருக்கும். எங்க தெருமுனையிலேயே கடை இருக்கு. அதைத் தாண்டித்தான் தினம் வீட்டுக்கு வர்றார். லாவோஸ் என்னண்ணா, அதை விடவா பக்கத்துல இருக்கு?"

நான் என்ன சொல்வதென்று தெரியாமல், "சரிம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். பழக்க தோஷம்.

"ஐயோ, நீங்க கவலையே படாதீங்கண்ணா" என்றாள். "உங்க ரெண்டு பேரையும் அவர் பத்திரமாப் பார்த்துப்பார்."