காசிமேட்டில் ஒரு 'பிட்ச்' ரிப்போர்ட்!

'பிட்ச்'னு சொன்னதுமே உங்களுக்கு சேப்பாக்கம்தானே ஞாபகத்துக்கு வரும்? மூணாவது நாள்ல பந்து சுத்துமா, சுத்தாதானு டீக்கடையில பட்டிமன்றமே நடத்துவோம். அங்கிருந்து அப்படியே வடக்கே வந்து துறைமுகத்தைத் தாண்டினா, இன்னொரு 'பிட்ச்' இருக்கு பாஸ்! இங்கேயும் சுத்துறதுதான் மேட்டர். ஆனா, கணக்கு ஒரு அங்குலம் தப்பினா போறது விக்கெட் இல்லை... டீசல்!

பீச் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுங்க. அடுத்த ஸ்டேஷனே ராயபுரம். 1856-ல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பின இடம். அந்தப் பழைய தூண்களுக்கு ஒரு சலாம் வெச்சுட்டு ஷேர் ஆட்டோ பிடிச்சீங்கன்னா, அதுக்கு மேல வழியை உங்க மூக்கே சொல்லிடும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம்!

எப்ப போறோம்கிறது முக்கியம். வஞ்சிரம் வாங்கணும்னா ஞாயித்துக்கிழமை விடியற்காலை. 'பிட்ச்' பார்க்கணும்னா ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும். கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்கு அந்த 61 நாளும் தடைக்காலம். மீன்களுக்கு பிரசவ விடுப்பு! படகுக்காரங்களுக்கு அது வருமானம் இல்லாத ரெண்டு மாசம். ஆனா லேத் பட்டறை, வெல்டிங் கடை, பெயின்ட் அடிக்கிறவங்க எல்லாம் செம பிஸி. மத்த மாசங்கள்ல தண்ணிக்கு மேல இருக்கிற பாதிப் படகைத்தான் பார்ப்பீங்க. தடைக்காலத்துலதான் லாஞ்சுகளைக் கரையேத்தி, வயித்தைச் சுரண்டி, அடிப்பாகத்தை வெயில் காட்டி வெச்சிருப்பாங்க. நமக்கும் அநேகமா செமஸ்டர் லீவு. வேற என்ன வேணும்?

ஒரு லாஞ்சின் பின்பக்கமா போய் நில்லுங்க. சுக்கானுக்கு முன்னாடி, ஷாஃப்ட் நுனியில, பூ மாதிரி விரிஞ்சு நிக்குமே ஒரு பித்தளை நிற சமாசாரம், அதுதான் புரொப்பல்லர். நடுவுல இருக்கிற குமிழ்ல பெரும்பாலும் ரெண்டு நம்பர் குத்தியிருக்கும். உதாரணத்துக்கு 36 x 24. முதல் நம்பர் குறுக்களவு, எல்லாருக்கும் புரியும். ரெண்டாவது நம்பர்தான் நம்ம ஹீரோ, பிட்ச்!

மரத்துல ஸ்க்ரூ முடுக்கியிருக்கீங்கள்ல? ஒரு சுத்து சுத்தினா அது எவ்வளவு உள்ளே போகுதோ, அதுதான் அந்த ஸ்க்ரூவோட பிட்ச். புரொப்பல்லரும் தண்ணிக்குள்ள போற ஸ்க்ரூதான். 24 அங்குல பிட்ச்னா, ஒரு சுத்துக்கு ரெண்டடி முன்னே போகணும். இன்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுத்து, கியர்பாக்ஸ் மூணுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. ஷாஃப்ட் 600 சுத்து சுத்தும். நிமிஷத்துக்கு 1,200 அடி. மணிக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 12 நாட்டிகல் மைல்!

ஆனா, எந்த லாஞ்சும் அந்த ஸ்பீடுல போறதில்லை. தண்ணி என்ன தேக்குமரமா, அப்படியே பிடிச்சுக்க? வழுக்கும். 'ஸ்லிப்'னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சிருப்பீங்க (அல்லது, படிக்காம அரியர் வெச்சிருப்பீங்க). மூணுல ஒரு பங்குக்கு மேலேயே ஸ்லிப்ல போயிடும். கடைசியில கையில மிஞ்சுறது ஏழோ எட்டோ நாட்.

"அப்போ பிட்ச்சை இன்னும் ஏத்திட்டா வேகமா போகலாமே?"

நான் போய் நின்ன லேத் பட்டறையில இதைத்தான் கேட்டேன். அந்த அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. "லோடு கன்டெய்னரை நாலாவது கியர்ல எடுப்பியா தம்பி? எடுத்தா இன்னா ஆவும்?" திருவொற்றியூர்ல மணிக்கணக்கா கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி பஸ்ல நின்னு பழகின யாருக்கும் இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. முக்கும், திணறும், கரும்புகை கக்கும். பிட்ச் அதிகமான புரொப்பல்லரும் அதேதான். த்ராட்டிலை முழுசா தள்ளினாலும் இன்ஜின் தன்னோட ஆர்.பி.எம்-மைத் தொடவே தொடாது. உள்ளே போற டீசல் முழுசா எரியாம புகையா போகும். வால்வும் பிஸ்டனும் சீக்கிரம் போய்ச் சேரும். பிட்ச் கம்மின்னா உல்ட்டா... இன்ஜின் 'வ்ர்ர்ர்'னு அலறும், படகு மட்டும் ஆடி அசைஞ்சு போகும். முதல் கியர்ல பைக்கை முறுக்குற மாதிரி.

அதனால டெஸ்ட் ரொம்ப சிம்பிள். டீசல், ஐஸ், வலைனு எல்லா லோடோடவும் கடலுக்குப் போய் த்ராட்டிலை முழுசா திறக்கணும். இன்ஜின் கம்பெனி சொன்ன ஆர்.பி.எம். வந்தா, பிட்ச் சரி. வரலைன்னா குறைக்கணும். தாண்டினா ஏத்தணும். சின்ன இன்ஜின்கள்ல ஒரு அங்குல பிட்ச் மாத்தினா, சுமாரா 150-லிருந்து 200 ஆர்.பி.எம். வித்தியாசம் வரும்னு ஒரு பொதுக்கணக்கு உண்டு. படகுக்குப் படகு கொஞ்சம் மாறும்.

ஆக்சுவலா சிக்கல் ஆரம்பிக்கிறதே இங்கேதான். ஒரு விசைப்படகுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, மீன் இருக்கிற இடத்துக்கு ஓடிப்போய்ச் சேர்றது. ரெண்டு, இழுவலையைத் தண்ணிக்குள்ள இறக்கி மெதுவா, ரெண்டரை மூணு நாட்ல இழுக்குறது. ஓடுறதுக்கு பிட்ச் கூட வேணும், இழுக்குறதுக்கு குறைச்சலா வேணும். இருக்கிறதோ ஒரே புரொப்பல்லர்! ஓட்டத்துக்குன்னு பிட்ச் வெச்சுட்டா, வலை இறங்கினதும் இன்ஜின் மூச்சு முட்டும். ஒரு நாள்ல ரொம்ப நேரம் நடக்கிறது இழுவைதான். அதனால இழுவைக்கே பிட்ச் வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்னு எனக்குத் தோணுது. ஆனா, எல்லா டிரைவருக்கும் பக்கத்து லாஞ்சுக்கு முன்னாடி கரை சேரணும்னு ஆசை. முதல்ல வர்ற மீனுக்குத்தானே நல்ல விலை? அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியலை.

துறைமுகத்துக்கு வர்ற சில பெரிய கப்பல்கள்ல இந்தத் தொல்லையே இல்லை. இறக்கை ஒவ்வொண்ணும் ஹைட்ராலிக்ல திரும்பும். ஓடிட்டு இருக்கும்போதே மேலே இருந்து லீவரைத் தள்ளி பிட்ச் மாத்திக்கலாம். இன்ஜினை எதிர்ப்பக்கம் சுத்தவிடாமலே ரிவர்ஸ்கூட போகலாம்!

பாய்மரப் படகுக்காரங்க கதை இன்னும் சுவாரஸ்யம். நம்ம துறைமுகத்துக்குள்ளேயே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கு. துறைமுகத் தலைவரா இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ல் ஆரம்பிச்சது. பந்தயத்துக்கு ஓட்டுற குட்டிப் படகுல இன்ஜின் கிடையாது. ஆனா, நீண்ட பயணம் போற பாய்மரப் படகுகளுக்கு வயித்துக்குள்ள ஒரு டீசல் இன்ஜின் உண்டு. காத்து இல்லாதப்போ அது தள்ளும். காத்து வந்து பாய் விரிச்சதும் அதே புரொப்பல்லர் தண்ணிக்குள்ள பிரேக் பிடிக்கும்! அதுக்காகவே இறக்கையை மடக்கிக்கிற புரொப்பல்லரும், தண்ணியோட்டத்துக்கு நேரா திருப்பிக்கிற புரொப்பல்லரும் வெச்சிருக்காங்க. இந்த ரெண்டாவது வகையில சில மாடல்ல பிட்ச் கோணத்தை ஸ்பேனர் வெச்சே மாத்திக்கலாம். டெஸ்ட் ரன் போய்ப் பார்த்து, ரெண்டு டிகிரி கூட்டி, ரெண்டு டிகிரி குறைச்சு... ஹாயா!

காசிமேட்டுல ஸ்பேனர் கிடையாது. சுத்தியல்தான். புரொப்பல்லரைக் கழட்டி, இறக்கையைச் சூடு பண்ணி, அச்சுக்கட்டை மேல வெச்சுத் தட்டித் தட்டி முறுக்குவாங்க. ஒரு அங்குலம், ரெண்டு அங்குலம் வரைக்கும்தான் இது சரிப்படும். அதுக்கு மேலன்னா வேற வாங்க வேண்டியதுதான். எல்லா இறக்கையும் ஒரே மாதிரி வரணும். ஒண்ணு மட்டும் பிசகினா படகே அதிரும், பேரிங் தேயும். நாலு இறக்கையையும் மாத்தி மாத்தி சுண்டிப் பார்த்து, சத்தத்துலேயே விரிசலைக் கண்டுபிடிச்சார் அந்த அண்ணன். நம்ம லேப்ல இதுக்கு ஒரு மெஷின் வெச்சு, அதுக்கு ஒரு ரெக்கார்டு நோட்டும் எழுத வைப்பாங்க!

பிட்ச்சை அளக்குற வித்தையை நீங்களே செய்யலாம். சமமான தரையில புரொப்பல்லரைக் கவிழ்த்து வைங்க. நடுவுலேர்ந்து இறக்கை நுனி வரைக்கும் உள்ள தூரத்துல பத்துல ஏழு பங்குல ஒரு வட்டம் போடுங்க. அந்த வட்டத்துல இறக்கை மேல ரெண்டு புள்ளி, நடுவுல 30 டிகிரி இடைவெளி. ரெண்டு புள்ளியும் தரையிலிருந்து எவ்வளவு உயரம்னு அளந்து, வித்தியாசத்தை எடுங்க. ரெண்டு அங்குலம்னா, முழுச் சுத்துக்கு 12 மடங்கு... 24 அங்குலம். அவ்ளோதான்! ஒரு ஸ்கேல், ஒரு பாகைமானி போதும்.

ஒரு அங்குலத்துக்கு ஏன் இவ்வளவு அலட்டல்? டீசல்தான் காரணம். தமிழ்நாட்டுல ஒரு விசைப்படகுக்கு வருஷத்துக்கு வரிவிலக்கோட தர்ற டீசலை 2023-ல் 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டரா உயர்த்தினாங்க. அதுல வெறும் அஞ்சு சதவிகிதம் புகையா போனாலும் 950 லிட்டர். ஒரு படகுக்கு! அந்தக் காசு, லாபத்துல பங்கு வாங்குற ஒவ்வொரு ஆளோட கையிலிருந்தும்தான் போகுது.

இன்னொண்ணும் உண்டு. தடைக்காலத்துல சுத்தமா சுரண்டி பெயின்ட் அடிச்ச படகு வழுக்கிக்கிட்டு ஓடும். மாசம் போகப் போக அடியில சிப்பியும் பாசியும் ஒட்டும், இழுவை கூடும். ஜூன்ல கச்சிதமா இருந்த பிட்ச் ஜனவரியில அதிகமாயிடும். கொஞ்சம் குறைச்சலாவே வெச்சு அனுப்புறதுதான் விவரமானவங்க பழக்கம்.

இந்த இன்ஜின்ல நிறைய எங்கே பிறந்ததுன்னு தெரியுமா? இங்கேயேதான்! மெட்ரோ பிடிச்சு விம்கோ நகர் இறங்கி, எண்ணூர் பக்கம் போங்க. 1948-ல் அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சு, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியோட முதல் தொழிற்சாலை அங்கேதான். ரோட்டுல லாரிக்குள்ள ஓடுற லேலண்ட் இன்ஜின் குடும்பம், கடலுக்கேத்த மாதிரி மாறி லாஞ்சுக்குள்ள உக்காந்திருக்கு. இதைவிடப் பெரிசா வேணும்னு குதிரைத்திறன் போட்டி முத்தினதால, 24 மீட்டர் நீளம், 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாதுன்னு 2020-ல் அரசு விதி கொண்டுவந்தது. பெரிய இன்ஜின் வாங்குறதுக்கு முன்னாடி இருக்கிற புரொப்பல்லரை ஒரு தடவை அளந்து பார்த்திருந்தா, பாதிப் பேருக்கு அந்தச் செலவே வந்திருக்காதுன்னு பட்டறை அண்ணன் சொல்றார். அவர் தொழில் அது, அப்படித்தான் சொல்வார். ஆனா, கணக்கும் அவர் பக்கம்தான். புரொப்பல்லர் சுத்த வேண்டிய சக்தி, வேகத்தோட மும்மடியில ஏறும். 1,800-ஐ 1,620-ஆக்கினா, அதாவது பத்து சதவிகிதம் குறைச்சா, தேவைப்படுற சக்தி 27 சதவிகிதம் குறையும்! மெட்ராஸ்ல இருந்து இயங்கின ஐ.நா. உணவு - வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடா திட்டத்துக்காக, ஓ.குல்பிராண்ட்சன்கிற படகு வடிவமைப்பாளர் 1986-லேயே இதை ஒரு சின்னப் புத்தகமா எழுதியிருக்கார். மெதுவா போ, பெரிய புரொப்பல்லரை மெதுவா சுத்து. அவ்ளோதான் சாராம்சம்.

அதே திட்டம் துறைமுகமே இல்லாத கடற்கரைகளுக்காக ஒரு படகும் செஞ்சது. உள்ளே டீசல் இன்ஜின். அலையில கரையேறும்போது புரொப்பல்லர் மண்ல இடிக்காம இருக்க, இன்ஜின் பெட்டியையே சாய்ச்சு புரொப்பல்லரைத் தூக்கிக்கிற மாதிரி அமைப்பு. அதோட அருமை திருவொற்றியூர் கரையில நின்னாத்தான் புரியும். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டின பாறைகளுக்கு நடுவுல ஃபைபர் படகுகள் நுழைஞ்சு வரும். இன்ஜினைத் தூக்க அரை நொடி தாமதமானா, இறக்கை நுனி காலி. நுனி மடங்கினா பிட்ச்சும் போச்சு. இன்னும் வடக்கே எண்ணூர் முகத்துவாரத்துல வேற தலைவலி. அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு கொசஸ்தலையாறு பல இடத்துல மேடாகிக் கிடக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், படகையும் வலையையும் சேர்த்து நாசமாக்கினதை டி.வி-யில பார்த்திருப்பீங்க. அங்கே புரொப்பல்லருக்கு பிட்ச் பார்க்கிறதுக்கு முன்னாடி, அது சுத்துற அளவுக்குத் தண்ணி வேணும்!

ஜூன் ரெண்டாவது வாரத்துல மறுபடி காசிமேடு போனேன். பட்டறையில அளந்த புரொப்பல்லர் மாட்டின லாஞ்சு, தண்ணியில இறங்கி டெஸ்ட் ரன் போயிட்டுத் திரும்பிக்கிட்டிருந்தது. கரையில நின்ன அண்ணன் மீட்டரைப் பத்திக் கேட்கலை. புகைக்குழாயை மட்டும் பார்த்தார். லேசா சாம்பல் கலர்.

"எவ்ளோ வந்துச்சு?" கடைசியாத்தான் கேட்டார்.

"ஆயிரத்து எழுநூத்தி எண்பதுணா!" டிரைவர் மேலே இருந்து கத்தினார்.

"ஐஸும் டீசலும் ஏத்திட்டு இன்னொரு வாட்டி போய்ட்டு வந்து சொல்லு"ன்னுட்டு, அடுத்த புரொப்பல்லரைக் கவிழ்த்து வெச்சு ஸ்கேலைத் தேட ஆரம்பிச்சார்.