வகுப்பு திரையில், பாடம் ஆறாவது மாடியில்

டெக்சஸில் எந்த அரசுக் கல்லூரியில் சேர்ந்தாலும், நர்ஸிங் படித்தாலும் கம்ப்யூட்டர் படித்தாலும், பட்டம் வாங்குவதற்குள் அரசாங்கத்தைப் பற்றி 6 கிரெடிட் படித்தே தீரவேண்டும். இது கல்லூரி வைத்த விதியல்ல, மாநிலச் சட்டம். பாதி, அமெரிக்க அரசமைப்பு. மீதிப் பாதி, டெக்சஸ் அரசமைப்பும் அதன் கீழே இயங்கும் கவுண்டி, நகராட்சி, பள்ளி மாவட்டங்களும். இந்த இரண்டாவது பாடத்துக்கு மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் ஒரே எண்: கவர்ன்மென்ட் 2306.

கணவரின் வேலை விசாவோடு டாலஸுக்கு வந்து, கணக்குப்பதிவியல் படிக்க ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தவள் நான். கிரீன் கார்டு வரிசை நகர்கிற வேகத்தில், இந்த ஊரில் எனக்கு ஓட்டு எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. ஓட்டில்லாத ஊரின் ஆட்சி முறையைக் காசு கொடுத்து எதற்குப் படிக்கவேண்டும் என்ற முணுமுணுப்போடுதான் ஆன்லைன் வகுப்பைத் திறந்தேன்.

வகுப்பின் நடைமுறை எளிது. திங்கட்கிழமை காலை அந்த வாரத்தின் பாடம் திறக்கும். ஒரு அத்தியாயம், பேராசிரியரின் வீடியோ, ஒரு வினாடி வினா, ஒரு விவாதம். விவாதத்தில் முதலில் நம் கருத்தை எழுதவேண்டும், பிறகு சக மாணவர்களுக்குப் பதில் எழுதவேண்டும். ஞாயிறு இரவு 11:59க்குக் கதவு சாத்தப்படும். வகுப்பில் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளும் உண்டு. பள்ளியிலிருந்தபடியே கல்லூரி கிரெடிட் சேர்ப்பவர்கள். இரவுப் பணி முடித்து விடியற்காலை நான்கு மணிக்கு விவாதம் எழுதும் நர்ஸும் உண்டு. தேர்வு நாளில் மட்டும் லேப்டாப் கேமராவைச் சுழற்றி மேசை, சுவர், தரை எல்லாவற்றையும் காட்டவேண்டும்.

பாகம் பிரித்த அதிகாரம்

முதல் சில வாரங்களில் திரும்பத் திரும்ப வந்த ஆண்டு 1876. இன்றும் நடப்பில் இருக்கும் டெக்சஸ் அரசமைப்பு அந்த ஆண்டில் வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் எட்மண்ட் டேவிஸ் என்ற கவர்னர் கையில் அதிகாரம் குவிந்தது. 1874இல் அவர் பதவியிலிருந்து போனதும், இனி ஒருவர் கையில் எதுவும் மொத்தமாகச் சிக்கக்கூடாது என்று முடிவுகட்டிக்கொண்டு எழுதிய சட்டம் இது. கூட்டுக்குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்ததுபோல அதிகாரத்தைக் கூறுபோட்டுவிட்டார்கள்.

கவர்னரைத் தேர்ந்தெடுப்பதுபோலவே துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல், மாநிலக் கணக்குகளைப் பார்க்கும் கம்ப்ட்ரோலர், நில ஆணையர், வேளாண் ஆணையர் என ஒவ்வொருவரையும் மக்களே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவர்னர் இவர்களை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. உச்ச நீதிமன்றமே இரண்டு: சிவில் வழக்குக்கு ஒன்று, குற்ற வழக்குக்கு ஒன்று. இரண்டிலும் ஒன்பது ஒன்பது நீதிபதிகள், அவர்களும் கட்சிப் பெயரோடு தேர்தலில் நின்று வருபவர்கள். சட்டமன்றம் வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், அதிகபட்சம் 140 நாள் கூடும். உறுப்பினர் சம்பளம் மாதம் 600 டாலர், 1975இலிருந்து உயரவில்லை. கூட்டம் நடக்கும் நாள்களுக்குப் படி தனி. இரண்டு ஆண்டுக்கு 140 நாள் என்பதை 140 ஆண்டுக்கு இரண்டு நாள் என்று மாற்றிவிட்டால் நல்லது என்பது டெக்சஸ்காரர்களின் பழைய கிண்டல்.

அடியில் 254 கவுண்டிகள். 2020 கணக்கெடுப்பில் லவிங் கவுண்டியின் மக்கள்தொகை 64. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சம். இரண்டையும் ஆள்வது ஒரே அமைப்பு: ஒரு கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள். நம்மூரில் மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர், அவரை அரசு அனுப்பும், அரசு மாற்றும். இங்கே ஷெரீஃப், அரசு வழக்கறிஞர், வரி வசூல் அதிகாரி, கவுண்டி கிளார்க் எல்லாரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள். ஒருவருக்கு ஒருவர் மேலதிகாரி இல்லை.

இதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் செமஸ்டரின் பாதியில் ஒரு வேலை கொடுத்தார்கள்: உள்ளாட்சிக் கூட்டம் ஒன்றைப் பார்த்து அறிக்கை எழுதவேண்டும். எந்தப் பொருள் விவாதத்துக்கு வந்தது, யார் பேசினார்கள், ஓட்டு எப்படிப் பிரிந்தது. வீடியோவில் பார்த்தும் எழுதலாம். நான் நேரில் போனேன்.

மரில்லா தெரு

டாலஸ் நகர மன்றம் மரில்லா தெருவில் இருக்கிறது. ஐ.எம்.பெய் வடிவமைத்து 1978இல் திறந்த கான்கிரீட் கட்டடம். அடியில் குறுகி, மேலே போகப்போக அகன்று, முன்னால் இருக்கும் திடல்மீது சாய்ந்து நிற்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் கவுண்டர்களுக்குக் கீழே கொஞ்சம் இடம் போதும், மேலே நிர்வாகத்துக்குத்தான் நிறைய இடம் வேண்டும் என்பது பெய்யின் கணக்கு. ஆளப்படுபவருக்குக் கீழே சின்ன இடம், ஆள்பவருக்கு மேலே பெரிய இடம் என்று குறும்பாக வாசித்தாலும் பொருந்துகிறது. பழுது ஏகமாய்ச் சேர்ந்து, கட்டடத்தைச் சரிசெய்வதா, விட்டுவிட்டு வேறிடம் போவதா என்ற சண்டையே 2025இல் கவுன்சிலுக்கு வந்தது.

வாசலில் பையை ஸ்கேனரில் போட்டு எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஆறாவது மாடிக்குப் போனால் கவுன்சில் அறை. யாரைப் பார்க்கவேண்டும், எதற்கு என்ற கேள்வி கிடையாது. சிபாரிசும் வேண்டாம், அனுமதிக் கடிதமும் வேண்டாம். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

எதிரே குதிரை லாடம்போல வளைந்த நீண்ட மேசை. மேயரும் 14 கவுன்சிலர்களும். 14 பேரும் தனித்தனி வட்டாரத்திலிருந்து வருபவர்கள். இந்த ஏற்பாடு சும்மா வரவில்லை. முன்பு சில இடங்களுக்கு நகரம் முழுவதும் ஓட்டுப்போட்டது. கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் வாழும் பகுதிகளின் குரல் அதில் கரைந்துபோனது. வழக்குப் போட்டார்கள். பழைய முறை வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 1991 தேர்தலில் இப்போதைய முறை வந்தது.

மேயர் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் ஓட்டு ஒன்றுதான். நகரத்தை அன்றாடம் நடத்துவது சிட்டி மேனேஜர். 1931 முதல் டாலஸில் இதுதான் முறை. அவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சில் வேலைக்கு வைக்கிறது. ஹூஸ்டன் போனால் கதை வேறு, அங்கே மேயர்தான் எல்லாம். நகரத் தேர்தலில் கட்சியும் கிடையாது. மேயர் எரிக் ஜான்சன் 2023 மே மாதம் மறுபடி வென்று, செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறினார். கோபப்பட்டவர்கள் உண்டு. சட்டப்படி கேட்க இடமில்லை.

பிரார்த்தனை, கொடி வணக்கம் முடிந்ததும் பொதுமக்களைப் பேசக் கூப்பிட்டார்கள். முன்பே பெயர் பதிந்தவர்கள் ஒவ்வொருவராக மைக்குக்கு வந்தார்கள். மணி ஓடுவது அவர்களுக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. ஒரு முதியவர் தன் தெருவில் மழைநீர் தேங்குவதைப் பற்றிப் பேசினார். புகைப்படங்களை அட்டையில் ஒட்டி எடுத்து வந்திருந்தார். குரல் உயர்ந்தது, நேரம் முடிந்தது, நன்றி சொன்னார்கள், போய் உட்கார்ந்தார். மேசையிலிருந்து ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பார்ப்பவருக்கு இது திமிராகத்தான் தெரியும். ஆனால் அந்த மௌனத்துக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1967இல் வந்த திறந்த கூட்டங்கள் சட்டப்படி, கவுன்சில் எதை விவாதிக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே ஊரறிய அறிவித்தாக வேண்டும். அறிவிப்பில் இல்லாத பொருளை யாராவது கிளப்பினால், ஒரு தகவலைச் சொல்லலாம், இருக்கிற கொள்கையை எடுத்துச் சொல்லலாம், அடுத்த கூட்டத்தின் நிரலில் சேர்க்கலாமா என்று பேசலாம். அதற்கு மேல் விவாதித்தால் சட்டமீறல். ஊருக்குத் தெரியாமல் எதையும் தீர்மானிக்கக்கூடாது என்று போட்ட பூட்டு, ஊர்க்காரர் வந்து முறையிடும்போது அவருக்குப் பதில் கிடைக்காமலும் செய்துவிடுகிறது. அதே சமயம், நிரலில் இருக்கும் பொருளைப் பற்றிப் பேச வருபவரைத் தடுக்க முடியாது. முடிவெடுக்கும் முன்போ, விவாதம் நடக்கும்போதோ பேச விட்டே ஆகவேண்டும் என்று 2019இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆக, எதைப் பேசுகிறோம் என்பதைவிட நிரலில் எந்த எண்ணின் கீழ் பேசுகிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

அடுத்து வந்தது ஒப்புதல் பட்டியல். சாலை, தண்ணீர்க் குழாய், வாகனம், ஒப்பந்தம் என்று வரிசையாக இருந்தவற்றை ஒரே ஓட்டில் முடித்துவிட்டார்கள். யாராவது ஒன்றைத் தனியாக எடுக்கச் சொன்னால் மட்டுமே அதைப் பற்றிப் பேச்சு. பிற்பகலில் நில உபயோக மாற்றம். ஒரு மனைக்கு மாற்றம் கேட்டால் அதிலிருந்து 200 அடிக்குள் நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கடிதம் போகவேண்டும் என்பது மாநிலச் சட்டம். காலை முழுக்கக் காலியாக இருந்த நாற்காலிகள் அப்போதுதான் நிறைந்தன. கோடிக்கணக்கில் செலவாகும் பட்டியலுக்கு வராத கூட்டம், பக்கத்து மனையில் என்ன எழும்பப்போகிறது என்றதும் வந்துவிட்டது.

ஒரு ரசீதில் ஐந்து அரசு

அறிக்கையோடு இன்னொன்றும் கேட்டிருந்தார்கள்: வீட்டுவரி ரசீது ஒன்றை வைத்து, அதில் இருக்கும் அரசுகளைப் பட்டியலிடவேண்டும். டெக்சஸில் மாநில வருமானவரி கிடையாது. வரக்கூடாது என்று 2019இல் அரசமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அந்தச் சுமையில் பெரும்பங்கு வீட்டின்மேல் இறங்குகிறது. டாலஸ் நகர ரசீதைப் பிரித்து வைத்தால் ஐந்து வரி: பள்ளி மாவட்டம், நகரம், கவுண்டி, பார்க்லண்ட் மருத்துவமனை மாவட்டம், சமுதாயக் கல்லூரி மாவட்டம். இதில் பள்ளிக்குப் போவதுதான் பெரிய பங்கு. நான் படிக்கும் பாடத்துக்கும் என் வீட்டுவரி கொஞ்சம் கட்டணம் கட்டியிருக்கிறது.

வீட்டுக்கு மதிப்புப் போடுவது இந்த ஐவரும் இல்லை. அதற்கென்று தனியாக மதிப்பீட்டு மாவட்டம். வரி விகிதத்தைத் தீர்மானிப்பது தனித்தனிச் சபைகள். மொத்தமாக வசூலிப்பது கவுண்டியின் வரி அலுவலகம். வரி ஏறிவிட்டதே என்று கவுண்டி அலுவலகத்தில் போய்ச் சத்தம்போடுபவர் உண்டு. அங்கே இருப்பவர் வசூலிப்பவர் மட்டுமே. மதிப்பு அதிகம் என்றால் வழக்கமாக மே 15க்குள் மதிப்பீட்டு மாவட்டத்தில் ஆட்சேபம் கொடுக்கவேண்டும். விகிதம் அதிகம் என்றால் ஆகஸ்டு, செப்டம்பரில் அந்தந்த சபையின் கூட்டத்துக்குப் போகவேண்டும். ஜனவரி 31 கெடுவுக்கு முன்னால் ரசீதைப் பார்த்துக் கொதிப்பவர், கொதிக்கவேண்டிய நாள்களைத் தவறவிட்டிருப்பார்.

அதிகாரத்தைக் கூறுபோட்டதன் விலை இது. யாரும் பெரிய ஆளாகிவிட முடியாது, சரி. ஆனால் தவறு நடந்தால் கையைக் காட்ட ஆளும் இல்லை. டாலஸ் நகரத் தேர்தலில், பதிவு செய்த வாக்காளர்களில் பத்தில் ஒருவர்கூட ஓட்டுப்போடாத மே மாதங்கள் பல இருந்திருக்கின்றன. ஜனாதிபதித் தேர்தலுக்கு வரிசையில் நிற்பவர்கள், தெரு விளக்கையும் நூலகத்தையும் தீர்மானிக்கும் நாளில் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

அதற்காக நகரம் எடுக்கும் முடிவே இறுதி என்றும் இல்லை. டாலஸுக்கு வடக்கே இருக்கும் டென்டனில், எரிவாயு எடுக்கப் பாறையைப் பிளக்கும் முறையை நகர எல்லைக்குள் தடைசெய்து 2014 நவம்பரில் மக்களே ஓட்டுப்போட்டார்கள். 2015 மே மாதம், அப்படித் தடைபோட நகரங்களுக்கு அதிகாரமில்லை என்று மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டம் வந்துவிட்டது. அடுத்த மாதமே டென்டன் கவுன்சில் தடையை விலக்கிக்கொண்டது. நகரம் என்பது மாநிலத்தின் பிள்ளை, மாநிலம் கொடுத்ததைத்தான் வைத்துக்கொள்ளமுடியும் என்று பாடத்தில் ஒரு வரியாக இருப்பது, டென்டனில் எட்டு மாதத்துக்குள் நடந்து முடிந்தது. மக்கள் தங்கள் கவுன்சிலையே கட்டிப்போட்டதும் உண்டு. கவுன்சில் எதிர்த்தும், போலீஸ் எண்ணிக்கை 4,000க்குக் குறையக்கூடாது என்று 2024 நவம்பரில் டாலஸ் நகர சாசனத்தில் ஓட்டுப்போட்டு எழுதிவிட்டார்கள்.

இந்த வகுப்பு எனக்கு ஓட்டு வாங்கித் தரவில்லை. ஆனால் நான் பார்த்த மைக்குக்கு ஓட்டுரிமை தேவையில்லை. மதிப்பீட்டை ஆட்சேபிக்கவும் அது தேவையில்லை. திறந்த கூட்டங்கள் சட்டம் பொதுமக்கள் என்றுதான் சொல்கிறது, குடிமக்கள் என்று சொல்லவில்லை. டாலஸ், ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு வாங்கி வரி கட்டும் நம் ஆட்களில் பலர், விசாக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். டாலஸின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. பட்ஜெட் ஆகஸ்டில் கவுன்சிலுக்கு வரும், செப்டம்பரில் ஓட்டுக்குப் போகும். பக்கத்து நூலகத்தின் நேரத்தைக் குறைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வாஷிங்டனைத் திட்டவேண்டாம், ஆஸ்டினுக்கு எழுதவேண்டாம். நிரலில் அதன் எண்ணைத் தேடி எடுத்துப் பெயரைப் பதிந்துவிட்டு, ஆறாவது மாடிக்குப் போகவேண்டியதுதான்.