மேசையின் மறுபிறப்பு

பொருள்களுக்கும் இரு பிறப்பு உண்டு. தொழிற்சாலையில் ஆயிரத்தோடு ஆயிரமாய்ப் பிறப்பது முதற்பிறப்பு. வாங்கியவர் கையில், அவருடைய தேவைக்கு ஏற்ப உருமாறிப் பிறப்பது இரண்டாம் பிறப்பு. முதற்பிறப்பில் எல்லா மேசைகளும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாம் பிறப்பில் ஒரு மேசையைப்போல் மற்றொரு மேசை இராது. மலிவான மேசை, நாற்காலி, அலமாரிகளை வாங்கி, அவற்றை அறுத்தும் இணைத்தும் வண்ணம் தீட்டியும் புதிய பொருள்களாக ஆக்கிக்கொள்ளும் வழக்கம் இன்று உலகின் பல நாடுகளில் பரவியிருக்கிறது. அவ்வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, அதனால் விளையும் நன்மை யாது, அதன் எல்லை யாது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

முற்காலத்தில் நாற்காலி வேண்டுவோர் தச்சரிடம் சென்றனர். அமர்பவரின் உயரத்தையும், வீட்டின் அகலத்தையும் கேட்டறிந்த பின்னரே தச்சர் உளியைக் கையில் எடுத்தார். ஆதலின் அவர் செய்த பொருள் வாங்கியவருக்குப் பொருந்தியது. விலைதான் எல்லோருக்கும் பொருந்தவில்லை. இயந்திரம் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. விலை குறைந்தது, பொருளோ எவரையும் கேளாமல் ஒரே அளவில் வெளிவந்தது. வியன்னா நகரில் தொழில் நடத்திய மிக்கேல் தோனெட் என்பவர் 1859-ஆம் ஆண்டில், நீராவியால் மரத்தை வளைத்து 14-ஆம் எண் நாற்காலியை உருவாக்கினார். 6 மரத்துண்டுகளும் 10 திருகாணிகளும் 2 மரைகளுமே அந்நாற்காலியின் உறுப்புகள். கழற்றி அடுக்கினால், ஒரு கன மீட்டர் கொள்ளும் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. கப்பலில் ஏறிய பெட்டி கடல் கடந்து சென்றது. சென்ற இடத்தில் திருகாணிகளை முடுக்கியதும் நாற்காலி எழுந்து நின்றது. பிரித்து அனுப்பிப் பின்னர்ப் பூட்டிக்கொள்ளும் முறைக்கு இது சிறந்த முன்னோடி எனலாம்.

அம்முறையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது சுவீடன் நாட்டு நிறுவனமாகிய ஐகியா. அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள சுமோலாந்து, கல் நிறைந்த மண்ணும் சிக்கன வாழ்வும் உடைய பகுதி. அங்கே 1943-ஆம் ஆண்டில், 17 வயதே நிரம்பிய இங்வார் கம்பிராட் என்னும் இளைஞர் அந்நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் சிறு பொருள்களை விற்றவர், 1948-இல் மரச்சாமான் விற்பனையில் இறங்கினார். அவரிடம் பணியாற்றியவர் கில்லிஸ் லுண்டுகிரென். 1950-களின் நடுவில், இலை வடிவான மேசையொன்றை மோட்டார் வண்டியில் ஏற்ற அவர் முயன்றார். மேசையின் கால்கள் இடம் கொடுக்கவில்லை. கால்களைக் கழற்றிப் பலகையோடு சேர்த்து வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. அவ்வாறே செய்தார், மேசை வண்டியில் அடங்கிற்று. சிறு இடையூற்றிலிருந்து பெருந்தொழில் ஒன்று வழி கண்டது. கழற்றிய பொருளைத் தட்டையான பெட்டியில் விற்றால் ஏற்றுகூலி குறையும், உடைதல் குறையும், பூட்டும் கூலியும் இல்லையாகும் என்பதை அந்நிறுவனம் கண்டுகொண்டது.

தட்டைப் பெட்டியால் மற்றொரு விளைவும் உண்டாயிற்று. அதனை வணிகர் கருதியிருக்கமாட்டார். முழுமையாக வந்த மேசையை வாங்கியவர் அதனைத் தொடவும் அஞ்சுவார். துண்டு துண்டாக வந்த மேசையைத் தம் கையாலேயே பூட்டியவருக்கு அவ்வச்சம் இல்லை. எத்துண்டு எங்கே பொருந்துகிறது, எத்திருகாணி எதனைத் தாங்குகிறது என்பதை அவர் அறிவார். பூட்டத் தெரிந்தவருக்கு மாற்றிப் பூட்டவும் தோன்றும் அன்றோ? "இக்கால் இங்கேதான் இருக்கவேண்டுமா?" என்னும் கேள்வி பிறந்த கணத்தில், வாங்குவோர் ஆக்குவோராக மாறினார்.

தம் கையாலேயே அறைகலன் செய்துகொள்ளும்படி மக்களை ஊக்கிய கலைஞரும் சிலர் உளர். ஆலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்டு, உலகப் பொருளாதாரம் நலிந்திருந்த 1934-ஆம் ஆண்டளவில், சரக்குப் பெட்டி செய்யும் எளிய பலகைகளைக் கொண்டு நாற்காலியும் மேசையும் அமைத்தார். இத்தாலி நாட்டு வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974-இல், சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் ஆகியவற்றால் எவரும் செய்யத்தக்க 19 அறைகலன்களின் வரைபடங்களை வெளியிட்டார். ஒரு பொருளைத் தாமே செய்து பார்த்தவர்தாம் அதன் நன்மை தீமைகளை மதிப்பிட வல்லவர் என்பது அவர் கொள்கை. கடைப்பொருளை மாற்றியமைப்போர் இவர்களுடைய வழித்தோன்றல்கள் எனலாம்.

இன்று அவர்கள் செய்யும் மாற்றங்கள் பலவகை. லாக் என்னும் பெயருடைய சிறு மேசை 55 சென்டிமீட்டர் சதுரமானது. அதன் கால் ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் கனம் உடையது. ஆகவே இரு கால்களுக்கு இடையே 45 சென்டிமீட்டர் இடைவெளி அமைகிறது. கணிப்பொறிக் கூடங்களில் பயன்படும் கருவிகள் 19 அங்குலச் சட்டத்தில் பொருந்துமாறு செய்யப்படுபவை. அவற்றின் உடற்பகுதி அந்த இடைவெளியில் நுழைந்து நிற்கிறது. முன்தகட்டின் இரு ஓரங்களை மேசைக் கால்களில் முடுக்கிவிட்டால், விலையுயர்ந்த இரும்புச் சட்டத்தின் வேலையை மலிவான மேசை ஓரளவு செய்துவிடுகிறது. எவரும் திட்டமிடாத இப்பொருத்தத்தைக் கண்டுபிடித்தவருடைய கருவி ஓர் அளவுநாடாவே.

1979-ஆம் ஆண்டு முதல் விற்பனையாகும் பில்லி என்னும் புத்தக அலமாரியை லுண்டுகிரெனே வடிவமைத்தார். அதனை வரிசையாக நிறுத்திச் சுவரோடு பிணைத்து, இணைப்புகளின்மேல் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டி, ஒரே வண்ணம் பூசினால், தச்சர் பலநாள் உழைத்துச் சுவரோடு அமைத்த நூலகம் போன்ற தோற்றம் கிட்டுகிறது. சதுர அறைகளுடைய அலமாரியைப் படுக்கவைத்து, மேலே மெத்தை விரித்துச் சன்னலோர இருக்கையாக்குவோரும் உளர். குறுகிய வாடகை வீட்டில் வாழ்பவருக்கு, அமரவும் பொருள் வைக்கவும் ஒரே இடம் போதுமாகிறது.

இவை வசதிக்காகச் செய்த மாற்றங்கள். வசதி என்னும் சொல்லைக் கடந்து, தன்மானத்தோடு தொடர்புடைய மாற்றங்களும் உண்டு. தாழ்வான சாய்விருக்கை பலருக்கு இன்பம் தருவது. கால்வலு இல்லாதவருக்கோ அது சிறை. அமர்ந்தால், பிறர் கைகொடுத்தாலன்றி அவரால் எழ இயலாது. இசுரேல் நாட்டில் 2019-ஆம் ஆண்டில், ஐகியாவின் கிளையும் மாற்றுத்திறனாளர் நலனுக்கு உழைக்கும் இரு அமைப்புகளும் சேர்ந்து இக்குறையை நீக்க முற்பட்டன. அம்முயற்சிக்கு வித்திட்டவர், பெருமூளை வாத நோயுடன் வாழும் விளம்பர எழுத்தாளர் ஒருவர். விற்பனையிலுள்ள அறைகலன்களோடு பொருத்தத்தக்க 13 துணையுறுப்புகள் முதலில் வடிவமைக்கப்பட்டன. சாய்விருக்கையின் கால்களை உயர்த்தும் தாங்கிகள், விரல்களால் பற்ற இயலாதவரும் முழங்கையால் இழுக்கத்தக்க பெரிய கைப்பிடிகள், விளக்கின் சிறு பொத்தானைப் பெரிதாக்கும் மூடி ஆகியவை அவற்றுட் சில. முப்பரிமாண அச்சுப்பொறி உள்ள எவரும் அவற்றை அச்சிட்டுக்கொள்ளும் வண்ணம் வரைபடங்கள் விலையின்றி வழங்கப்பட்டன. சில அங்குல உயரம் கூடியதால், ஒருவர் பிறர் துணையை எதிர்பாராமல் தம் இருக்கையிலிருந்து எழுகிறார். அச்சில அங்குலங்களின் மதிப்பைப் பணத்தால் அளக்க இயலுமோ?

ஆயினும் இக்கலையில் ஆர்வம் மட்டும் போதாது. பொருளின் இயல்பை அறியும் அறிவும் வேண்டும். மலிவான அறைகலன்களில் பெரும்பாலானவை முழு மரத்தால் ஆனவை அல்ல. மரத்துகளைப் பசையோடு கலந்து அழுத்திச் செய்த துகட்பலகையால் ஆனவை சில. மெல்லிய இரு பலகைகளுக்கு இடையே தேன்கூட்டைப் போன்ற காகித அறைகளை வைத்துச் செய்தவை வேறு சில. முன்னர்க் கூறிய லாக் மேசையும் அத்தகையதே. குறைந்த மரத்தில் உறுதி தருவது இவ்வமைப்பு. ஆனால் உள்ளே வெற்றிடம் இருக்கும் பகுதியில் முடுக்கிய திருகாணி பற்றி நிற்பதில்லை. துகட்பலகையிலோ ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை அத்தனை உறுதியாகப் பிடிப்பதில்லை. அறுத்த விளிம்பில் நீர் பட்டால் பலகை உப்பிப் பிளக்கும். அறுக்கும்போது எழும் நுண்டூள் மூச்சுக்குத் தீங்கு செய்யும். ஆதலின் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டமான இடத்திலே வேலை செய்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று உண்டு. அது உயிரைப் பற்றியது. உயர்ந்த அலமாரியின் இழுப்பறைகளைத் திறந்து குழந்தை அவற்றில் ஏறினால், அலமாரி முன்புறம் சாய்ந்து விழக்கூடும். சுவரோடு பிணைக்கப்படாத இழுப்பறை அலமாரிகள் விழுந்து குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை ஐகியா நிறுவனம் வெளியிட்டது. ஆலையில் செய்த பொருளுக்கே இத்துணை எச்சரிக்கை வேண்டுமாயின், அதனை உயர்த்தியும் அடுக்கியும் மாற்றுபவர் எவ்வளவு விழிப்புடன் இருத்தல் வேண்டும்! காலை நீட்டினால் பொருளின் எடை நிற்கும் இடம் மாறும். மேலே ஓர் அடுக்கு கூட்டினால் சாயும் தன்மை மிகும். அழகு பார்ப்பதற்கு முன் அசைத்துப் பார்ப்பதும், சுவரோடு பிணைத்துப் பார்ப்பதும் ஆக்குவோரின் முதற்கடமை.

இத்தொல்லையெல்லாம் எதற்கு, பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கலாமே என்று வினவுவாரும் உண்டு. எறிந்த பொருள் எங்கே போகிறது என்பதை அவர் எண்ணிப் பார்த்தல் நலம். அமெரிக்க நாட்டில் 2018-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன் அறைகலன்கள் கழிவாயின. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு மண்ணில் புதைக்கப்பட்டது. மரம், பசை, காகிதம், நெகிழி ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்த பலகையைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துதல் எளிதன்று. ஆகவே ஆடிய காலுக்கு ஆப்பு வைத்து, மங்கிய பலகைக்கு வண்ணம் பூசி, உடைந்த அலமாரியின் நல்ல பலகையைச் சுவர்த்தட்டாக மாற்றும் ஒருவர், தம் பணத்தை மட்டும் காப்பதில்லை. வெட்டிய மரத்தின் வாழ்நாளையும் நீட்டிக்கிறார்.

தாமே செய்த பொருளின்மீது மக்களுக்குத் தனிப்பற்று உண்டாகிறது என்பதை ஆராய்ச்சியாளரும் கண்டுள்ளனர். நார்ட்டன், மொக்கோன், ஏரியலி ஆகிய அமெரிக்கப் பேராசிரியர் மூவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. ஐகியாவின் எளிய பெட்டியைத் தாமே பூட்டியவர்கள், பூட்டிய பெட்டியைப் பெற்றவர்களைக் காட்டிலும் மிகுந்த விலை கொடுக்க முன்வந்தனர். அவ்வாய்வில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. வேலையை முடிக்காமல் இடையிலே விட்டவர்களிடம் அப்பற்று காணப்படவில்லை. தொடங்கிய உழைப்பு நிறைவெய்தும்போதுதான் பொருள் நெஞ்சுக்கு நெருங்கியதாகிறது.

மலிவுப் பொருள் என்று இகழ்ந்து ஒதுக்குவது எளிது. விலைச்சீட்டு ஒரு பொருளின் முதற்பிறப்பை மட்டுமே கூறும். அதன் இரண்டாம் பிறப்பை எழுதும் உரிமை அதனைப் பயன்படுத்துவோருக்கு உரியது. அளவுநாடாவும் திருப்புளியும் உப்புத்தாளும் சிறு கருவிகளே. ஆயினும் அவற்றைக் கையாளப் பழகியவர், வீட்டில் ஒரு பலகை தளர்ந்தால் கடையை நோக்கி விரைவதில்லை. முதலில் அதனைத் திருப்பிப் பார்க்கிறார். அவ்வாறு திருப்பிப் பார்க்கும் பழக்கமே கைத்திறனின் தொடக்கம்.