இடது காலுக்கு வேலை

ஜூன் 2, 2025, திங்கள்

எல்.எல்.ஆர். வந்து ஒரு வாரம் ஆகிறது. நாளை காலை ஆறு மணிக்கு கார் பழக முதல் வகுப்பு. பீரோவிலிருந்து பழைய லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன். 1998-ல் ஸ்கூட்டி வாங்கியபோது எடுத்தது, 2018-ல் புதுப்பித்தது. இருபத்தேழு வருஷமாக அதில் நான் 'கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்' ஓட்டுபவள்.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. இருசக்கர வண்டிக்கு கியர் உண்டா, இல்லையா என்று கேட்டு இரண்டு வகையாகப் பிரித்து எழுதுகிற நம் சட்டம், காருக்கு அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. இலகுரக மோட்டார் வாகனம் என்று ஒரே வரி. ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தவர் மறுநாளே கிளட்ச் வண்டியில் ஏறி உட்காரலாம். ஜப்பானில் 1991 முதல் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான லைசென்ஸ் தனியாக இருக்கிறது. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேறியவர் கியர் வண்டி ஓட்ட மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரிலும் அப்படித்தான். இங்கே சட்டம் போடாத அந்த வேலியை வீட்டில் போட்டுவிடுகிறார்கள்.

"உனக்கு ஆட்டோமேட்டிக் போதும்" என்றார் இவர், போன வாரம் சாப்பிடும்போது. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ரசம் ஊற்றிக்கொண்டேதான் சொன்னார். அந்தப் 'போதும்'தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. கியர் வண்டியிலேயே கற்றுக்கொள்கிறேன் என்று பணம் கட்டிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

மாஸ்டருக்கு அறுபதை ஒட்டிய வயது. என்னை 'அம்மணி' என்கிறார். அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். மருதமலை ரோட்டில் காலை நடைக்கு வந்தவர்கள் நின்று பார்க்க, நாற்பது நிமிஷத்தில் பதினோரு தடவை வண்டி ஆஃப் ஆனது. பதினொன்றையும் எண்ணினேன்.

"ஏனுங்க மாஸ்டர், இது ஏன் இப்படி நிக்குது?"

"நீங்க ஓடற பஸ்ஸுல ஏறியிருக்கீங்களா அம்மணி?"

"காலேஜுல படிக்கறப்ப ஏறியிருக்கேன்."

"கம்பியப் புடிச்சதும் ஏறிருவீங்களா? கூடவே நாலடி ஓடித்தானுங்களே ஏறோணும். அந்த நாலடிதானுங்க ஹாஃப் கிளட்ச்."

முப்பது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லித் தேய்ந்த உவமையாக இருக்கலாம். எனக்கு இன்றுதான் புதிது. வண்டி நிற்கும்போதும் எஞ்சின் நிமிஷத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரமோ அசையாமல் கிடக்கிறது. இரண்டையும் திடீரென்று கோத்தால் ஒன்று வண்டி பாயும், இல்லை எஞ்சின் செத்துப்போகும். நடுவில் கிளட்ச் தட்டு கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் பிடித்து இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வழுக்கலைக் கால் கற்றுக்கொள்ளும்வரை இடுப்பு, தோள், பல் எல்லாம் இறுகிக்கொள்கின்றன. வீட்டுக்கு வந்து பார்த்தால் தாடை வலிக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

வடகோவை மேம்பாலம். ஏற்றத்தில் போக்குவரத்து நின்றது. நான் நின்றேன். எனக்குப் பின்னால், முட்டிவிடுகிற தூரத்தில் ஒரு டவுன் பஸ். நகர வேண்டிய நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஒரு சாண் பின்னால் போனது. பஸ்காரர் ஹாரனை அலறவிட்டார். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல, "ஹேண்ட் பிரேக்கப் போடுங்க. கிளட்ச்ச விடுங்க, வண்டி மூக்கத் தூக்கும் பாருங்க, இப்ப ரிலீஸ் பண்ணுங்க" என்றார். மூக்கைத் தூக்கியது. ஏறிவிட்டோம். கை நடுக்கம் லாலி ரோடு வரும்வரை போகவில்லை.

ஜூன் 14, சனி

உங்கள் பள்ளியில் ஆட்டோமேட்டிக் வண்டி உண்டா என்று மாஸ்டரிடம் கேட்டேன். இல்லையாம். "கிளட்ச் கத்துக்கிட்டா எந்த வண்டியும் ஓட்டலாமுங்க. அதுல கத்துக்கிட்டா அது ஒண்ணுதான்."

எல்லோரும் சொல்வது இதுதான். பாதி உண்மை. மீதிப் பாதியை இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் நானே கண்டுகொண்டேன்: இத்தனை நாளில் ஒருமுறைகூட நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்ததில்லை. இன்று காலை நவாவூர் பக்கம் ஒரு நாய் ரோட்டைக் கடந்ததாக மாஸ்டர் சொன்னார். எனக்கு நாயே தெரியாது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுவதில் இருந்தேன். தலைக்குள் இருப்பது ஒரு படி கவனம் என்றால், முக்கால் படியைக் கிளட்ச்சுக்கு அளந்து கொடுத்துவிட்டு மிச்சத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழகினால் மாறும்தான். ஆனால் பழகுகிற அந்த மாதத்தில் எதிரே வருவது நிஜ நாய், நிஜ ஸ்கூட்டர். இதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவுக்கு போன் பண்ணினேன். கோத்தகிரியில் மழை, வெளியே இறங்க முடியவில்லையாம். கார் கற்றுக்கொள்வதை இன்னும் சொல்லவில்லை.

அப்பா தேயிலைத் தொழிற்சாலை லாரி ஓட்டினார். கியர் சத்தமில்லாமல் விழுவதற்கான சின்க்ரோமெஷ் 1928-லேயே கெடிலாக் காரில் வந்துவிட்டது என்று படித்திருக்கிறேன். அப்பாவின் லாரிக்கு அது வந்து சேரவில்லை. டபுள் கிளட்ச்தான். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு உறுமு உறுமவைத்து, மறுபடி மிதித்துக் கீழ்க் கியர். வளைவுக்கு வளைவு இதைச் செய்துகொண்டே பீடிக்கு நெருப்பும் கேட்பார். அண்ணனுக்குப் பதினெட்டு ஆனதும் மைதானத்தில் லாரியைக் கொடுத்துப் பழக்கினார். நான் மைதானத்து ஓரக் கல்லில் உட்கார்ந்து டீ பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அண்ணனிடம் சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்தது. "ஏறின கியர்லயே எறங்கோணும்" என்பதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார்.

ஜூலை 1, செவ்வாய்

பாஸ். பிரேக் இன்ஸ்பெக்டர் என் முகத்தை ஒருமுறை, காலை ஒருமுறை பார்த்தார். நேராகப் போகச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். வண்டி ஆஃப் ஆகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். அவளுடைய கார் ஏ.எம்.டி., ஆட்டோமேட்டிக்கில் ஒரு வகை. "ஓட்டிப் பாருங்க அண்ணி" என்று சாவியைக் கொடுத்தாள். தெருவை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு கூத்து. வேகம் குறைக்கும்போது பழக்கத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய், அகலமாக இருந்த பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தது. இரண்டு பேரும் டாஷ்போர்டை நோக்கிப் போய்வந்தோம். நல்லவேளை, பின்னால் யாருமில்லை. கியர் வண்டியிலிருந்து மாறுகிற எல்லோருக்கும் இது ஒருமுறை நடக்குமாம். இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

மடக்கி வைத்தேன். பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வடவள்ளியிலிருந்து வேளாண் பல்கலைக்கழகம்வரை, இருபது வருஷமாகத் தினமும் போகிற ரோட்டை, கார் ஓட்டிக்கொண்டு முதல்முறையாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை, இடதுபக்கக் கண்ணாடியில் ஒரு பால்காரர், எதிரே தவறான பக்கத்தில் வருகிற பையன், எல்லாம் தெரிந்தது.

ஏ.எம்.டி. என்பது பெரிய மாயம் இல்லை. உள்ளே இருப்பது அதே கியர்பெட்டி, அதே கிளட்ச் தட்டு. மிதிக்கிற காலுக்குப் பதில் ஒரு சின்ன இயந்திரம். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த பிறகுதான் சின்ன கார்க்காரர்களுக்கும் ஆட்டோமேட்டிக் எட்டியது. கியர் மாறும்போது யாரோ புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் ஓட்டுவதுபோல லேசாகத் தலையசைக்கும். எனக்கு அது பிடித்தே இருந்தது, நம்ம கேஸ் என்று.

ஜூலை 12, சனி

ஷோரூம். ஆடி பிறப்பதற்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், யோசிக்க நாலு நாள்தான். நாங்கள் பார்த்த மாடலில் கியருக்கும் ஏ.எம்.டி.க்கும் வித்தியாசம் 50,000 ரூபாய்க்குப் பக்கம். பெல்ட்டில் ஓடுகிற சி.வி.டி. அலுங்காமல் போகிறது, விலையும் அதற்கேற்ப. எலெக்ட்ரிக்கில் கியர் என்ற பேச்சே இல்லை. ஆனால் அம்மா வீட்டு வாசலில் சார்ஜ் போட இடம் கிடையாது.

நான் ஏ.எம்.டி. என்றேன். இவர் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஒரு மாசம் கிளட்ச் மிதிச்சது? நான் அப்பவே சொன்னேன்ல?"

சொன்னார்தான். அவர் சொன்னது 'போதும்', நான் சொன்னது 'வேணும்'. இதை அங்கே, விற்பனைப் பையனுக்கு முன்னால் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. லாலி ரோட்டில் மாலை ஆறு மணிக்கு என் இடது முட்டி என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொன்னேன். கியர் வண்டியை மட்டமாக நினைத்து நான் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதை ஓட்டத் தெரிந்த பிறகுதான் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. வீட்டிலிருக்கும் பழைய கியர் கார் இருக்கட்டும். அவசரத்துக்கு அதையும் எடுப்பேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

கோத்தகிரி போக இ-பாஸ் நேற்றே எடுத்தாயிற்று. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். இவர் பக்கத்து இருக்கையில், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் திணறி யோசித்தது, பிறகு கீழ்க் கியருக்குப் போனது. ஓரிடத்தில் லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டிவந்தபோது ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்தேன். தப்பு. கால் மிதிக்கவில்லை என்றாலும் உள்ளே வழுக்கிச் சூடாவது அதே கிளட்ச்தான். பிரேக்கில் நின்றேன்.

அம்மா வாசலுக்கு வந்து முதலில் பின்சீட்டைப் பார்த்தாள், டிரைவர் எங்கே என்று.

மலை இறங்கும்போது அம்மாவும் வந்தாள். நாளைக்குக் கோவையில் கண் ஆஸ்பத்திரி. முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று இவரைப் பின்னால் அனுப்பிவிட்டாள். இறக்கத்தில் ஒரு விஷயம் புரிந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், சுமை குறைந்ததாக நினைத்து வண்டி தானே மேல் கியருக்குப் போகிறது. அது சமதளத்துப் புத்தி. இறக்கத்தில் எஞ்சின் பிடிமானம் விட்டுப்போய் வண்டி உருண்டு ஓடப் பார்க்கும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் போன வெளியூர் வண்டி அப்படித்தான் போனது. வளைவுக்கு வளைவு சிவப்பு விளக்கு. கொஞ்ச நேரத்தில் காய்ந்த பிரேக்கின் வாடை எங்கள் ஜன்னல்வரை வந்தது.

கியர் ராடை 'எம்' பக்கம் தள்ளி இரண்டில் வைத்தேன். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்தது.

"ஏறின கியரா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து என் காலடியைப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு ராத்திரியெல்லாம் இடது காலுக்குத்தான் தைலம் தேய்ப்பேன். உனக்கு அந்தக் காலு சும்மா மடங்கிக் கெடக்குதே கண்ணு?"

எதிரே லாரி ஒன்று ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஓரம்கட்டி நின்றேன்.