காலா கில்லாவும் தோல் ஷாப்புகளும்

மும்பையில் 'காலா கில்லா' என்றால் பலருக்கு பஸ் டெப்போதான் நினைவுக்கு வரும். டெப்போவுக்குப் பெயர் கொடுத்த கோட்டை தாராவியின் நெரிசலுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. கருங்கல் சுவர், இடுக்கெல்லாம் செடி வேர். சுவரில் பதித்த கல்லில் ஆளுநர் ஜான் ஹார்னின் பெயரும் 1737 என்ற ஆண்டும் இருக்கின்றன.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். மித்தி ஆற்றுக்கு வடக்கே இருந்த சால்செட் அப்போது போர்ச்சுகீசியர் வசம். 1737இல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை அங்கே புகுந்து தாணேயைப் பிடித்தது. 1739இல் வசாயும் விழுந்தது. தென்கரையில் இருந்த ஆங்கிலேயருக்கு அந்த ஆறுதான் எல்லை. அதற்கு நிறுத்திய காவல்தான் இந்தக் கோட்டை. சதுப்பைத் தூர்த்துத் தூர்த்து ஊர் வளர்ந்ததில், இப்போது ஆறு எங்கோ, கோட்டை எங்கோ.

ஆனால் தாராவியை உண்டாக்கியது கோட்டை அல்ல, தோல். நாற்றம் பிடிக்காத நகரம் 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் தொழிலைத் தன் ஓரத்துக்குத் தள்ளியது. அந்த ஓரம்தான் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் கப்பலும் ரயிலும் ஏறி வந்தார்கள். 1887இல் படி மசூதி எழுந்தது, 1913இல் பிள்ளையார் கோயில். பாந்த்ரா கசாப்புத் தொட்டியிலிருந்து வந்த தோலை ஊறவைத்து உப்புப் போக்குவார்கள். சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் கழற்றுவார்கள். சவ்வைக் கத்தியால் வழித்துப் பதனிடுவார்கள். முழங்கால் வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று வெந்த கால்கள் அனுப்பிய மணியார்டரில் ஊரில் எத்தனையோ வீடுகள் ஓடு மாற்றின.

1971இல் தொட்டி தேவ்னாருக்குப் போனது. 1980களில் பதனிடும் கூடங்களான தோல் ஷாப்புகளை மூட அரசு உத்தரவிட்டது. அதில் குறை சொல்ல மாட்டேன், கழிவெல்லாம் மித்தியில்தான் கலந்தது. இன்று தாராவியில் மிஞ்சியிருப்பது பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள்.

இதோடு ஒப்பிட ஜப்பானில் ஹிமேஜி என்றொரு நகரம் இருக்கிறது. அதன் வெள்ளைக் கோட்டை 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அந்த ஊருக்கு இன்னொரு முகம் உண்டு: இச்சி ஆற்றங்கரையில் உப்பும் கடுகினத்து எண்ணெயும் கொண்டு வெண்தோல் பதனிட்ட ஊர் அது. அங்கும் அந்தத் தொழிலைச் செய்தவர்கள் ஒதுக்கப்பட்ட மக்களே. ஆனாலும் அந்த வெண்தோலை ஹிமேஜி இன்று தன் பெருமையாகச் சொல்கிறது. தாராவியிலும் ஆறும் கோட்டையும் தோலும் ஓரிடத்தில் இருந்தன. நாம்தான் சொல்லவில்லை.

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022இல் அதானி குழுமம் வென்றது. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். நல்ல வீடு தாராவி மக்களின் உரிமை. அதில் இரண்டு பேச்சு இல்லை. அதோடு, கோட்டைச் சுவரைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும். குயவர் பகுதியான கும்பார்வாடாவில் ஒரு வரிசைச் சூளையாவது எரிய வேண்டும். தோல் ஷாப்பின் கத்தியும் குழியும் காட்டும் ஒரு கூடமாவது தமிழிலும் பெயர்ப்பலகையோடு இருக்க வேண்டும்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ தாராவி தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். குழியில் இறங்கியவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.