பாலைவனத்தில் ஒரு லாச்சி

உங்கள் குசினி அலுமாரியின் அடித்தட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். விருந்து நாட்களுக்கு மட்டும் எடுக்கும் சஹன்கள் எங்கே இருக்கின்றன? அடித்தட்டின் கடைசி மூலையில்தானே! அவற்றை எடுக்க வேண்டுமானால் முன்னாலுள்ள சட்டி பானைகளை எல்லாம் வெளியே இறக்கி, முழங்காலில் நின்று, தலையை உள்ளே விட்டுக் கையை நீட்ட வேண்டும். இருபது வயதில் இது ஒரு வேலையே அல்ல. ஐம்பதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்புவீர்கள். எழுபதில் மகளையோ பேத்தியையோ கூப்பிடுவீர்கள். கூப்பிடுவதற்கு ஆளில்லாத இடத்தில் வாழும் ஒரு மூதாட்டி இதற்கு என்ன செய்தார் என்பதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில் நேரில் கண்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஃபீனிக்ஸ் நகரில் தொழில் புரியும் என் தாத்தாவின் மகனிடம் போயிருந்தேன். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில் குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஹாஜி அலி என்பவரின் கப்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்க வேண்டும் என்று மருமகனை நச்சரித்தவன் நான்தான்.

இந்த ஹாஜி அலி உஸ்மானிய ஆட்சிப் பகுதியில் பிறந்தவர். அமெரிக்க இராணுவம் தன் தென்மேற்குப் பாலைவனங்களில் சுமை கொண்டுசெல்ல ஒட்டகங்களைப் பயன்படுத்திப் பார்க்க விரும்பியது. 1855இல் அந்நாட்டுக் காங்கிரஸ் இதற்கென 30,000 டொலர் ஒதுக்கியது. ஒட்டகங்கள் கப்பலேறி வந்தன. அவற்றை மேய்க்கவும் சுமையேற்றவும் தெரிந்தவர்களும் கூடவே வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் ஹாஜி அலி. அந்தப் பெயர் அமெரிக்கர் வாயில் நுழையாமல் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது! 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. மனிதர் ஊர் திரும்பவில்லை. 1902இல் குவார்ட்சைட்டிலேயே மௌத்தானார். 1935இல் அவருடைய கப்றின் மீது கற்களால் ஒரு கூர்ங்கோபுரம் எழுப்பி, உச்சியில் உலோக ஒட்டகம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று ஸலாம் சொல்லி துஆச் செய்துவிட்டுத் திரும்பினோம்.

ஊரின் தெற்கே வந்தபோதுதான் அந்தக் காட்சி. 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி குவார்ட்சைட்டில் சுமார் 2,400 பேர்தான் நிரந்தரமாக வாழ்ந்தார்கள். கோடையில் வெயில் 45 பாகையையும் தாண்டும். ஆனால் மாரி காலத்தில், வடக்கே உறைபனி கொட்டும்போது, ஆயிரமாயிரம் வீட்டு வண்டிகள் இந்தப் பொட்டல் வெளியைத் தேடி வருகின்றன. அரசாங்கக் காணியில் 1983 முதல் இதற்கென இடம் ஒதுக்கி, கட்டணம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தங்க விடுகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெள்ளையாக வண்டிகள்! பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள்.

வீட்டு வண்டி என்றால் என்னவென்று கேட்பீர்கள். நமது நீண்டதூர பஸ்ஸின் அளவில் ஒரு வண்டி. உள்ளே கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உண்டு. அந்தத் தரைக்கும் ரோட்டுக்கும் இடையே, நமது பஸ்களில் பயணப் பெட்டிகள் போடும் இடம் இருக்குமல்லவா, அதேபோல வரிசையாகச் சாமான் அறைகள். வெளியிலிருந்து கதவைத் தூக்கித் திறக்க வேண்டும். ஆழமோ நாலடி, ஐந்தடி. உயரம் இரண்டடி கூட வராது. தண்ணீர்க் குழாய், மின்வயர், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகள், மடக்குக் கதிரைகள் என்று வீட்டின் வெளிச் சாமான்கள் யாவும் அதற்குள்தான். கடைசியில் போட்ட பொருள் முன்னால் நிற்கும். தேவைப்படும் பொருள் எப்போதும் பின்னால்தான் இருக்கும். நமது அடித்தட்டு அலுமாரியேதான்.

ஒரு வண்டியின் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் மண்டியிட்டு, கையில் துளையிடும் மெஷினுடன் தலையை உள்ளே விட்டிருந்தார். அவருடைய கணவர் கதிரையில் இருந்தபடி இடது கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. நாங்கள் நின்று பார்ப்பதைக் கண்டு சிரித்து, கிட்ட அழைத்தார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பாதி, மருமகன் மீதி.

கணவர் தொழிற்சாலையில் இரும்பு கடைந்தவராம். இரண்டு வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதற்கு முன் வண்டியின் வெளிவேலை முழுவதும் அவருடையது. இப்போது எல்லாம் மனைவியின் தலையில். அந்தப் பொட்டலில் குழாய்த் தண்ணீர் வாசலுக்கு வராது. வண்டித் தொட்டி போதாமல் மேலதிகமாக 20 லீற்றர் கலன்கள் நான்கு வைத்திருந்தார்கள். ஒன்று நிரம்பினால் 20 கிலோ. போன மாரியில் அதில் ஒன்றை உள்ளிருந்து இழுக்கப்போய் அம்மையாருக்கு முதுகு பிடித்து, ஒரு கிழமை படுக்கை. வண்டியை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று பிள்ளைகள் வற்புறுத்துகிறார்களாம். "லாச்சி ஒன்று செய்து பார்க்கிறேன். சரிவராவிட்டால் விற்கலாம்" என்று இவர் தவணை கேட்டிருக்கிறார்.

லாச்சி என்றால் சாமான் அறை முழுவதையும் அடைக்கும் ஒரு தட்டு. முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, சுற்றிலும் நாலங்குல விளிம்பு. மேசை லாச்சி ஓடும் இரும்புச் சட்டத்தைத் தச்சர்கள் ரன்னர் என்பார்களே, அதன் பெரிய வகை இரண்டு பக்கமும். அவர்கள் வாங்கியிருந்த சோடி 227 கிலோ தாங்கும் என்று குறிக்கப்பட்டிருந்தது. நானோ கிதாபுகளுக்கிடையே வளர்ந்தவன்; ஆணி அடித்தால் விரலில்தான் படும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்றுதான் எண்ணினேன்.

வித்தை அளவில் இருக்கிறது. அறையின் உள்ளகலம் 46 அங்குலம். கதவு வாயோ 41 அங்குலம்தான். தட்டு அந்த வாய் வழியாகத்தானே வெளியே வர வேண்டும்! அதை நினைவில் வைத்துத்தான் முதல் தட்டைச் செய்தார்களாம். ஆனால் திறந்த கதவைத் தாங்கி நிற்கும் தண்டு ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் குறுக்கே நீட்டிக்கொண்டிருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். மூன்று நாள் வேலை; தட்டு பாதி வழியில் 'டொக்' என்று நின்றுவிட்டது. "நாற்பது வருடம் அளவு பார்த்தே சம்பளம் வாங்கிய மனுஷன்" என்று அம்மையார் கணவரைக் காட்டிச் சிரித்தார். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. தட்டை இரண்டங்குலம் அறுத்துக் குறைத்து மீண்டும் பூட்டினார்கள்.

ரன்னர் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக ஓட வேண்டும். முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்தால் மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். சிறிது பிசகினாலும் தட்டு இறுகிக்கொள்ளும். தட்டை வெளியே இழுத்தால் சுமை முழுவதும் காற்றில் தொங்குகிறது. அதன் பின்முனை மேலே கிளம்பப் பார்க்கும். ஆகவே மரத் திருகாணி உதவாது. அடித்தகட்டைத் துளைத்து போல்ற் இறக்கி, கீழே தடித்த இரும்புப் பட்டை வைத்து முறுக்க வேண்டும். துளையிடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் குழாயும் வயர்களும் அங்கேதான் ஓடுகின்றன. அம்மையார் அதையும் செய்திருந்தார். உடுப்பில் புழுதி அப்படியே இருந்தது.

பூட்டும் அவசியம். உள்ளே தள்ளியபின் ஒரு பூட்டு. இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போது அத்தனை சுமையும் கதவில் மோதி அதைத் திறந்துவிடும். வெளியே இழுத்தபின் இன்னொரு பூட்டு. வண்டி சரிவில் நின்றால் தட்டு தானாக உள்ளே ஓடி விரலை நசுக்கிவிடும்.

இத்தனையும் முடிந்தபின் ஒரு கணக்கு மிஞ்சியிருந்தது. தட்டும் ரன்னரும் சேர்ந்து முப்பது கிலோ. ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று எல்லை குறித்து ஒட்டியிருக்கிறார்கள். மீறினால் டயர் வெடிக்கும். லொறிகள் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தபோது பின் அச்சு ஏற்கனவே எல்லையைத் தொட்டு நின்றதாம். ஒட்டகத்தின் சுமையை இருபுறமும் சமமாகப் பிரித்துக் கட்டுவார்கள் அல்லவா, நீங்கள் பார்த்துவிட்டு வந்த அந்த மனிதருக்கு இது சொல்லாமலே விளங்கியிருக்கும் என்றார் பெரியவர். எதையாவது இறக்கியாக வேண்டும். தண்ணீரை இறக்க முடியாது.

அப்போதுதான் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் தரையிலிருந்த இரும்புப் பெட்டியைக் கவனித்தேன். தொழிற்சாலைக் காலத்துக் கருவிகள். நாற்பது கிலோ. இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, மீண்டும் அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். ஊர்ச் சந்தையில் திருத்த வேலை செய்யும் ஒருவர் பின்னேரம் வந்து எடுத்துப்போவாராம். விற்கவில்லையா என்று மருமகன் கேட்டான். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அம்மையாரும் அந்தப் பக்கம் திரும்பாமல் போல்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

பின்பு தண்ணீர்க் கலன்கள் ஏறின. நாங்கள் இருவரும் தூக்கிக் கொடுத்தோம். இனிமேல் அவற்றை இறக்கத் தேவையில்லை. தட்டை இழுத்து, தண்ணீர் எடுக்கும் இடத்தில் குழாயை வாயில் விட்டால் நிரம்பும். பற்றரியில் ஓடும் சின்னப் பம்பியால் தொட்டிக்கு ஏற்றிக்கொள்ளலாம். அம்மையார் எழும்பிக் கையை உதறி, பிடியை மெதுவாக இழுத்தார். நான்கு கலன்களும் அசையாமல் வெயிலுக்கு வந்து நின்றன. பூட்டு 'கிளிக்' என்றது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. தட்டை உள்ளே தள்ளிவிட்டு, "இப்போது நீங்கள்" என்றார் கணவரிடம்.

பெரியவர் கதிரையை நகர்த்திக்கொண்டு வந்து இடது கையால் இழுத்தார். தட்டு வந்தது. பெட்டியிலிருந்து அவர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது ஆறங்குல உருக்கு அளவுகோல் ஒன்றை மட்டும்தான். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தட்டுக்கும் கதவுத் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் பிடித்துப் பார்த்தார்.

"அரை அங்குலம்" என்றார்.