சூழல் தெரியாத காவல்காரன்

செங்கல்பட்டில் பக்கத்து வீட்டுப் பையனிடம் 'ஸ்டேஷன்ல போய் மாமா வந்துட்டாரான்னு பாரு' என்று சொன்னால் ரயிலா, போலீஸா என்று கேட்க மாட்டான். சொல்லாத பாதி அவனுக்குத் தெரியும். நேற்று ராத்திரி வெளியூரிலிருந்து வந்த வாட்ச்மேனிடம் இதையே சொல்லிப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் அந்தச் சொல்லாத பாதிக்குப் பெயர் 'என்விரான்மென்ட் வேரியபிள்'. 1979-ல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. புரோகிராம்களை எங்கே தேடுவது, உங்கள் டைரக்டரி எது போன்ற விவரங்களை நீங்கள் லாகின் செய்ததும் ஷெல் சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிடும்.

சிறுசேரியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், மாமல்லபுரம் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலுக்கு உபகாரமாக ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார். தினம் பேக்கப் எடுத்தாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கண்காணிப்பு மென்பொருளில் மாட்டிவிட்டார். மூன்று வாரம் பச்சை விளக்கு. டிசம்பர் சீசனில் டிஸ்க் போனபோது, பேக்கப் நின்றே மூன்று வாரம் என்று தெரிந்தது. எந்த ரூம் யாருக்கு என்று ஹோட்டலில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"கையால ஓட்டினா சரியா வேலை செய்யுது சார்!"

செய்யும். ஓட்டுவது நீங்கள். பின்னணியில் ஓடும் மென்பொருள் உங்களைப்போல் லாகின் செய்வதில்லை. உங்கள் அமைப்புக் கோப்புகளைப் படிப்பதில்லை. பேக்கப் டைரக்டரியின் பெயர் இருந்த வேரியபிள் அதற்கு வெற்றிடம். 'இங்கே என்ன ஃபைல் இருக்கு?' என்று கேட்டால், 'இங்கே' காலியாக இருப்பதால், தான் நிற்கும் இடத்தையே பார்க்கிறது. அங்கே ஏதாவது இருக்கத்தான் செய்யும். 'எல்லாம் சௌக்கியம்!'

ஷெல்லுக்கு வெற்றிடம் ஒரு தப்பே இல்லை. 2015 ஜனவரியில் 'ஸ்டீம்' விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு வேரியபிள் காலியாகப் போய், சிலருடைய சொந்த ஃபைல்களையெல்லாம் துடைத்துவிட்டது. அந்த வரிக்கு மேல் எழுதியவரே 'பயமாயிருக்கு!' என்று குறிப்பு வைத்திருந்தார்.

பரிகாரம் சுலபம். டைரக்டரி பெயர்களை முழுசாக எழுதுங்கள். தேவையான வேரியபிள்களை ஸ்கிரிப்டிலேயே கொடுங்கள். காலியாக இருந்தால் உடனே கத்திவிட்டு நிற்கச் சொல்லுங்கள். மாட்டுமுன் அந்த மென்பொருளின் பயனர் பெயரிலேயே, சூழலையெல்லாம் உருவிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முக்கியமாக, ஒருநாள் வேண்டுமென்றே பேக்கப்பை ஒளித்து வைத்துவிட்டு, சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள்.

திருடன் வராத வரை எல்லா வாட்ச்மேனும் நல்ல வாட்ச்மேன்தான்.